ஆசோர் வீட்டு ஞானம்மாள்

"போய்ச் சேந்துச்சா?"

பால் வண்டி தெருமுனையைத் தாண்டிக் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது, ஞானம்மாள் அக்கா செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு இதைக் கேட்பார். வண்டி ஓட்டும் சம்பத் பொறுமைசாலி. இன்னும் பாலசமுத்திரமே வரவில்லை என்பார். "சரி, போனதும் ஒரு வார்த்த சொல்லு" என்று அக்கா வைத்துவிடுவார். சித்தூரில் கேன்களை இறக்கியதும் சம்பத் முதல் வேலையாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறார். சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதில் அவருக்கு அனுபவம் உண்டு.

பாலை அளந்து வாங்கி, சோதித்து, கேனில் ஊற்றி, வண்டியில் ஏற்றுவதோடு அக்காவின் பொறுப்பு முடிந்தது. அதற்குப் பிறகு அது எந்த ஊருக்குப் போகிறது, யார் வீட்டுக் காப்பியில் விழுகிறது என்பதெல்லாம் கம்பெனிக்காரர்கள் பாடு. ஆனாலும் அக்காவால் கேட்காமல் இருக்க முடியாது. அவர் கணவர் சுந்தர்சிங் லாரி ஓட்டுகிறார். குப்பம் ஊரில் கிரானைட் ஏற்றிக்கொண்டு தடா பக்கம் போய் இறக்கிவிட்டு வருவார். அவருக்கும் இதே கேள்விதான். நர்சிங் படிக்கும் மகள் தபிதா திருப்பதி ஹாஸ்டலுக்குத் திரும்பும் நாட்களில் அவளுக்கும். திருப்பதியில் வேலை பார்த்துக்கொண்டு, சனிக்கிழமை ஊருக்கு வந்து திங்கள் காலை பஸ் ஏறுகிற எனக்கும். நான் அக்காவுக்குச் சொந்தமில்லை, ஒரே தெரு, அவ்வளவுதான். சேர்ந்துவிட்டேன் என்று சொல்லாவிட்டால் அடுத்த வாரம் தெருவில் தலைகாட்ட முடியாது.

வீட்டின் முன்னறைதான் பால் சென்டர். ஒரு ஸ்டீல் மேசை, அதன்மேல் கொழுப்பு காட்டும் மிஷின், சுவரோரம் அலுமினியக் கேன்கள், வாசலில் எப்போதும் காத்திருக்கும் இரண்டு பூனைகள். காலையும் மாலையும் எங்கள் மிஷன் தெருக்காரர்களும் பக்கத்து ஊர்க்காரர்களும் தூக்குப் பாத்திரத்தோடு வரிசையில் நிற்பார்கள். மிஷின் எண் காட்டுவதற்குள் அக்கா கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்த்துவிடுவார். "மிஷினு அப்பால சொல்லும். மூஞ்சி முன்னாடியே சொல்லிடும்" என்பது அவர் கட்சி. தண்ணீர் கலந்திருந்தால் கோபப்பட மாட்டார். "இன்னா, உங்க மாடு ஏரில எறங்கி வயிறு முட்ட குடிச்சிட்டு நேரா இங்க வந்துட்ச்சா?" என்று கேட்பார். வரிசை முழுவதும் சிரிக்கும். மாட்டுக்காரரும் சிரித்துத்தான் ஆக வேண்டும்.

அதோடு விடுவாரா என்றால், மாட்டார். "ஆசோரு பாத்துக்கினு கீறாரு" என்று ஒன்றைச் சேர்ப்பார். மழை பொய்த்தால் ஆசோர் காலத்திலும் இப்படித்தான் பொய்த்திருக்கும். கரண்ட் போனால், ஆசோர் வீட்டில் என்ன ஃபேனா இருந்தது? முழங்கால் வலித்தால், ஆசோருக்கும் இந்த வயதில் வலித்திருக்கும், அவர் யாரிடம் சொன்னார்? புதிதாக வருகிறவர்கள் இந்த ஆசோர் யார், மண்டல ஆபீசுக்கு மாற்றலாகி வந்திருக்கும் அதிகாரியா என்று கேட்பதுண்டு.

வேதத்தில் சுவிசேஷம் தொடங்கும் பக்கத்திலேயே எங்கள் ஆண்டவருடைய வம்ச வரலாறு இருக்கிறது. ஆபிரகாம் தொடங்கி, மரியாளின் கணவர் யோசேப்பு வரைக்கும் இவர் அவரைப் பெற்றார், அவர் இன்னாரைப் பெற்றார் என்று போய்க்கொண்டே இருக்கும். படிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்தைத் தாண்டிக் குழந்தை பிறக்கும் இடத்துக்குப் போய்விடுவார்கள். எங்கள் தெருக்காரர்களால் அப்படித் தாண்ட முடியாது. நாங்கள் குடியிருப்பதே அந்தப் பக்கத்தில்தான்.

எந்தக் காலத்திலோ இங்கே இருந்த மிஷனரி ஐயா ஒருவர் செய்துவிட்டுப் போன வேலை இது. கிறிஸ்துமசுக்கு முந்தைய ஞாயிறு மாலை, தெருவின் ஒரு கோடியில் இருக்கும் வீட்டில் ஒரு அகல் விளக்கை ஏற்றினார். அந்த வீட்டுக்காரரை ஆபிரகாம் என்றார். அவர் தம் விளக்கிலிருந்து பக்கத்து வீட்டு ஈசாக்கின் விளக்கை ஏற்றிக் கொடுக்க வேண்டும், ஈசாக்கு யாக்கோபுக்கு. இப்படி வாசலுக்கு வாசல் சுடர் கைமாறி, தெருவின் மறுகோடியில் ஏரிக்கரையோரம் இருக்கும் எங்கள் சபைக் கோயில் வரை போய், யோசேப்பு வீட்டார் கிறிஸ்துமஸ் குடில் விளக்கை ஏற்றுவார்கள். விளக்கு ஏறியதும் கோயில் மணி அடிக்கும். கொடுக்கிறவர் தம் பெயரையும், தாம் செய்த ஒரு காரியத்தையும், மகன் பெயரையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். போர்வை அங்கி, பஞ்சுத் தாடி கட்டாயம்.

அந்த வேஷம் அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் எங்கள் தெருவில் வீட்டு எண் சொன்னால் யாருக்கும் தெரியாது. சாலொமோன் வீடு என்றால் தபால்காரர் நேராகப் போய்விடுவார். அந்தச் சாலொமோன் தம் ஒரே மனைவியின் குரல் கேட்டாலே எழுந்து நிற்பவர். எலும்பும் தோலுமாக, எறும்புக்கு வழிவிட்டு நடக்கும் பெரியவர்தான் மனாசே, யூதாவின் ராஜாக்களிலேயே பொல்லாதவன். நான் ரெகொபெயாம் வீட்டு ஆள். அப்பன் கட்டி வைத்த ராஜ்ஜியத்தை வாய்த் துடுக்கால் இரண்டாக உடைத்தவன் வம்சம். என் வீட்டில் யாராவது ஒரு தட்டை உடைத்தால் கூடத் தெருவே அதைச் சொல்லிச் சிரிக்கும்.

தெருவின் நடுவில் ஓர் ஓடை குறுக்கிடுகிறது. பாபிலோனில் சிறையிருப்பு முடிந்து ஜனங்கள் திரும்பும் பகுதி அங்கே வருவதால் அதன்மேல் உள்ள சின்னப் பாலத்துக்குப் பாபிலோன் பாலம் என்று பெயர். பாலத்துக்கு இந்தப் பக்கம் முதலில் சபையில் சேர்ந்த குடும்பங்கள், அவர்களுக்கு அந்நாளிலேயே பெரிய பெயர்களாகக் கிடைத்துவிட்டன. அந்தப் பக்கம், கீழ்த்தெருவில், கடைசியாக வந்தவர்கள். கூலிக்காரக் குடும்பங்கள். அவர்களுக்கு மிச்சமிருந்த பெயர்கள் கிடைத்தன. சலாத்தியேல், சொரொபாபேல் என்ற இரண்டு பேரைப் பற்றியாவது வேறு இடத்தில் ஏதோ இருக்கிறது. அதற்குப் பிறகு அபியூத், எலியாக்கீம், ஆசோர், சாதோக்கு, ஆகீம் என்று வரிசையாக வருகிற யாரைப் பற்றியும் ஒரு வரி கிடையாது. பெற்றார்கள், போய்விட்டார்கள்.

ஞானம்மாள் அக்கா இந்தக் கீழ்த்தெருவுக்கு ஆசோர் வீட்டு மருமகளாக வந்தார். வந்த வருஷம் மாமனாரிடம் ஆசோர் என்ன செய்தார் என்று கேட்டாராம். ஒன்றும் செய்யவில்லை, அதனால் நமக்கு வசனம் சுலபம் என்று மாமனார் சொன்னாராம். மாமனார் போன பிறகு விளக்கு சுந்தர்சிங்குக்கு வந்தது. லாரிக்காரருக்குக் கிறிஸ்துமஸ் வாரம்தான் லோடு அதிகம், அவர் தடாவில் மாட்டிக்கொண்டார். அக்கா கட்டிலில் கிடந்த போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு, தாடியை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். பொம்பளை எப்படித் தாடி வைத்து நிற்கலாம் என்று பாலத்துக்கு இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் கூடிவிட்டார்கள்.

"ஆசோரு மூஞ்சிய யாரு பாத்தாங்க?" என்றார் அக்கா.

பெரியவர்கள் கலைந்து போனார்கள். அன்றிலிருந்து ஆசோர் இவர்தான். சுந்தர்சிங் ஊரில் இருக்க நேர்ந்த வருஷத்தில்கூட, நீயே நில்லு, எனக்கு அந்தத் தாடி அரிக்கிறது என்று ஒதுங்கிவிட்டார்.

ஆசோரைப் பற்றி ஒன்றும் தெரியாதே என்று நான் ஒருமுறை சீண்டினேன். அக்கா கேனைக் கழுவிக்கொண்டே திரும்பினார். "ஒண்ணும் எழுதலன்னா இன்னா அர்த்தம்? எழுதற மாதிரி தப்பு ஒண்ணும் பண்ணலன்னு அர்த்தம். தாவீதப் பத்தி எவ்ளோ எழுதிக்கீது, போய்ப் படி. உங்க ரெகொபெயாமப் பத்தியும் படி." எழுதவில்லை என்பதற்காக அவர் சும்மா இருந்தார் என்று ஆகிவிடாது என்பதும் அக்காவின் வாதம். காலையில் எழுந்திருப்பார், மாடு கறந்திருப்பார், பெண்டாட்டியிடம் திட்டு வாங்கியிருப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார். அந்த ஓட்டம் ஓடாமல் சாதோக்கு எப்படிப் பெரியவனானான்?

பக்கத்து ஊர் நாகையாவுக்கும் அக்காவுக்கும் நடந்த ஒரு பேச்சை நான் நேரில் கேட்டேன். நாகையா கோயிலுக்கு வருகிறவர் இல்லை. அவர் குலதெய்வம் வேறு. இரண்டு எருமை வைத்திருக்கிறார், பாலில் ஒரு சொட்டு நீர் இருக்காது. ஒருநாள் பாலை ஊற்றிவிட்டு நின்றுகொண்டே சொன்னார்:

"ஏம்மா, உங்க சாமியோட தாத்தா, அவுரு தாத்தான்னு அத்தினி பேரு எழுதி வெச்சிக்கீறீங்க. எனக்கு எங்க தாத்தா பேரு வரிக்கும்தான் தெரியும். அவுரு நைனா யாருன்னு கேட்டா சொல்றதுக்கு ஆளில்ல. கூலிக்குப் போன ஜனம். யாரு எழுதி வெப்பாங்க?"

அக்கா சிரிக்கவில்லை. "எனக்கு அதுகூடத் தெரியாதுண்ணா. எங்க நைனா பேரு தெரியும், அவ்ளோதான். அதனாலதான் இவர வெச்சிக்கினேன்" என்றார். ஆசோரைத்தான் சொன்னார். நாகையா தலையை ஆட்டிக்கொண்டு வெற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்குப் பிறகு ஆசோர் எப்படி இருக்கிறார் என்று அவரும் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

இப்படிக் கவலையில்லாமல் இருந்த ஆசோருக்குப் போன டிசம்பரில் ஆபத்து வந்தது.

எங்கள் பாஸ்டர் சாம் இளைஞர். மோட்டார் சைக்கிளில் சுற்று கிராமம் எல்லாம் போய் வருவார், நன்றாகப் பாடுவார், யாரையும் கடிந்து பேசமாட்டார். அக்காவின் ஆசோர் கதைகளைக் கேட்டுவிட்டு, வேதத்தில் இல்லாததைச் சொல்லாதீர்கள் அக்கா என்று ஒருமுறை அன்பாகச் சொன்னார். வேதத்தில் இல்லாததால்தானே நான் சொல்ல வேண்டியிருக்கிறது என்று அக்காவும் அன்பாகவே சொல்லிவிட்டார். அது அத்தோடு போயிற்று. ஆனால் அதற்கு முந்திய வருஷம் விளக்கு வாசல் வாசலாக நின்று போய்ச் சேர நேரமாகி, வெளியூர்க்காரர்கள் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டார்கள். மனாசே வீட்டுப் பெரியவர் நின்று நின்று மயங்கி விழுந்தார். பாஸ்டருக்கு அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

ஆராதனை முடிந்த ஒரு ஞாயிறு, இந்த வருஷம் முக்கியமான பத்துப் பேர் மட்டும் போதும் என்று அறிவித்தார். ஆபிரகாம், தாவீது, சாலொமோன் என்று சொல்லிக்கொண்டே வந்து, பாலத்தைத் தாண்டியதும் சொரொபாபேல், அப்புறம் நேராக யோசேப்பு என்று முடித்தார். அந்தக் கடைசித் தூரம் அதிகம் என்பதால் சொரொபாபேல் வீட்டு விளக்கைத் தாமே வாங்கிக் கோயிலுக்குக் கொண்டுவந்துவிடுவதாகவும் சொன்னார். பாலத்துக்கு இந்தப் பக்கத்தில் பலர் தலையாட்டினார்கள். நானும் பத்துப் பேரில் இல்லை. உள்ளதைச் சொன்னால், தாடி இல்லாத கிறிஸ்துமஸ் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அக்கா எழுந்து நின்றார். "சொரொபாபேலுகிட்டருந்து நேரா யோசேப்பா, பாஸ்டரு?"

"ஆமாங்கக்கா. நடுவுல இருக்கிறவங்களப் பத்தி நமக்கு எதுவும் தெரியாதுல்ல?"

"அவங்களுக்கும் நம்மளப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்றார் அக்கா. "தெரியாமத்தான் குடுத்தாங்க." உட்கார்ந்துவிட்டார்.

அதற்கப்புறம் பால் சென்டரில் ஆசோர் பேச்சே இல்லை. அக்கா மிஷின் காட்டியதைப் படித்தார், பாலை ஊற்றினார், அடுத்தவரைப் பார்த்தார். தண்ணீர் கலந்தவர்கள் கிண்டலை எதிர்பார்த்து நின்று, கிடைக்காமல் ஏமாந்து போனார்கள். பால் வண்டி கிளம்பியதும் சம்பத்துக்குப் போன் போகவில்லை. அவரே பயந்துபோய்ப் பாதி வழியில் கூப்பிட்டு, அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். எனக்கும் அந்த வாரம் போன் வரவில்லை. திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இறங்கி நின்றுகொண்டு, நான் வந்து சேர்ந்ததை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் முழித்தேன். எனக்கு வருத்தமாக இருந்தது, அதை மறைப்பானேன்.

நாகையாதான் வாயைத் திறந்தார். "இன்னாம்மா, உங்க பெரியவரு ஊருக்குப் போயிட்டாரா?"

அக்கா நடந்ததைச் சொன்னார். நாகையா எருமைப் பாலைக் கேனில் வடியவிட்டபடி யோசித்தார். "நடக்க வேணாம்னுதானே சொன்னாங்க? வாசல்ல நிக்க வேணாம்னு சொல்லலயே" என்றார்.

அன்று மாலையே அக்கா கீழ்த்தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினார். பாஸ்டர் பேச்சை மீற வேண்டாம், நடக்கவும் வேண்டாம், தாடியும் போர்வையுமாக அவரவர் வாசலில் விளக்கோடு நின்றால் போதும் என்றார். "நம்ம வாசல், நம்ம எண்ணெ. யாரு இன்னா சொல்லப் போறாங்க?" சிலர் தயங்கினார்கள். அபியூத் வீட்டம்மாள் கங்கம்மாள் தாடியைப் பூனை எடுத்துக்கொண்டு போய்விட்டது என்றார். பஞ்சு வாங்கிப் புதுத் தாடி செய்தார்கள்.

விளக்கு ஞாயிறு மதியத்திலிருந்தே காற்று. வங்கக் கடலில் வாயுகுண்டம், புயல் சின்னம் என்று செல்போனில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. சுந்தர்சிங் தடாவிலிருந்து கூப்பிட்டு, இங்கே லாரியே ஆடுகிறது, விளக்கை எப்படி நிறுத்தப் போகிறீர்கள் என்று கேட்டார். எங்கள் ஊரில் காற்றுக்கு ஒரு வாசல் இருக்கிறது. ஆசோர் வீட்டைத் தாண்டியதும் தெரு ஏரிக்கரைக்குத் திரும்பும், அங்கே மதகு. ஏரிக்காற்று முழுவதும் அந்த மதகுச் சந்து வழியாகத்தான் தெருவுக்குள் நுழையும். ஒவ்வொரு வருஷமும் அக்கா போர்வையின் ஒரு முனையைக் கையில் பிடித்து, மறுமுனையைச் சந்தை ஒட்டிய வேலி முள்ளில் மாட்டி, காற்றை மறித்து நிற்பார். அந்த மறைவில் விளக்கு கடந்து போகும். பின்னாலேயே மெழுகுவர்த்தியோடு வரும் ஜனமும் கடக்கும். அந்த வருஷம் அந்த வேலியையும் பஞ்சாயத்தில் வெட்டிவிட்டார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் ஆபிரகாம் வீட்டில் விளக்கு ஏறியது. பத்துப் பேர் என்பதால் விறுவிறுவென்று வந்தது. தாவீது கோலியாத்தைக் கொன்றதைச் சொன்னார், சாலொமோன் ஆலயம் கட்டியதைச் சொன்னார், மனைவி பக்கத்தில் நின்றதால் மற்றதைச் சொல்லவில்லை. பாபிலோன் பாலம் தாண்டி, சொரொபாபேல் வீட்டில் பாஸ்டர் விளக்கை வாங்கினார். கையால் பொத்திக்கொண்டு கீழ்த்தெருவில் வேகமாக நடந்தார். வழியில் வாசல்தோறும் தாடிகள் நிற்பதைப் பார்த்தும் நடையை நிறுத்தவில்லை. நாங்கள் பின்னால் போனோம். மதகுச் சந்துக்கு எதிரே போனதும் ஏரியிலிருந்து ஒரே வீச்சு. விளக்கு போய்விட்டது. எங்கள் மெழுகுவர்த்திகளும் மொத்தமாக அணைந்தன.

பாஸ்டர் கையிலிருந்த அகலைப் பார்த்தார். திரும்பிச் சொரொபாபேல் வீட்டைப் பார்த்தார். அது பாலத்தடியில், வெகு தூரம். யாரோ தீப்பெட்டி இருக்கிறது என்றார்கள். பாஸ்டர் வேண்டாம் என்று தலையசைத்தார். ஆபிரகாம் வீட்டுச் சுடர்தான் குடிலுக்குப் போக வேண்டும், தீப்பெட்டி நெருப்பு அல்ல என்பது அவருக்கும் தெரியும். இருட்டிக்கொண்டு வந்தது, பஸ்ஸுக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"பாஸ்டரு, இங்க கீது."

ஆசோர் வீட்டு வாசலில் போர்வையும் தாடியுமாக அக்கா நின்றார். போர்வை மறைவில், கையில் அகல் எரிந்துகொண்டிருந்தது. இது எந்த நெருப்பு என்று பாஸ்டர் கேட்டார்.

"அதே நெருப்புதான். நீங்க வாங்கிக்கினு கிளம்பினதும் சொரொபாபேலு வீட்டு விளக்குல அபியூத் ஏத்திக்கினாரு. அவருகிட்ட எலியாக்கீமு வாங்கினாரு. எலியாக்கீமு எனக்குக் குடுத்தாரு. நீங்க வேகமா வந்தீங்க, நாங்க பின்னாலயே வந்துட்டோம்."

பாஸ்டர் திரும்பிப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். எலியாக்கீம் வாசலில் ஒரு விளக்கு, அதற்கு அப்பால் அபியூத் வாசலில் கங்கம்மாளின் புதுத் தாடிக்குக் கீழே ஒன்று, பாலத்தடியில் சொரொபாபேல் வீட்டில் ஒன்று. ஒன்று போனால் எடுத்துக்கொள்ள அடுத்தது ஒரு வாசல் தூரத்தில் இருந்தது. பாஸ்டர் சிரித்துவிட்டார். அக்காவின் வாசலுக்கு வந்து, தம் அகலை நீட்டினார். அக்கா ஏற்றப் போகும்போது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"பேர் சொல்லிக் குடுங்கக்கா."

அக்கா தாடியைச் சரிசெய்துகொண்டார். "நான் ஆசோரு" என்றார். செய்த காரியம் சொல்ல வேண்டிய இடத்தில் வழக்கம்போல் ஒரு மூச்சு நிறுத்தினார். "சாதோக்கப் பெத்தேன்."

பாஸ்டர் அந்த விளக்கைத் தாம் கொண்டுபோகவில்லை. மதகுக்கு அந்தப் பக்கம் தம் வாசலில் நின்ற சாதோக்கு வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இது உங்கள் கையில்தான் போக வேண்டும் என்று கொடுத்தார். கீழ்த்தெருவே ஆரவாரமாகிவிட்டது. அதுவரை தயங்கியிருந்த ஆகீம் தாடியைத் தேடி ஓடினார். எலியூத் வீட்டார் எண்ணெய் ஊற்றினார்கள்.

இனி மதகைக் கடக்க வேண்டும். அக்கா தம் விளக்கை வாசல் மாடத்தில் வைத்துவிட்டு, போர்வையை உருவிக்கொண்டு சந்தின் வாயில் போய் ஏரியைப் பார்த்து நின்றார். மறுமுனையை மாட்ட வேலி இல்லை. என்னைப் பார்த்தார்.

"ரெகொபெயாமு, இங்க வா. இத கெட்டியா பிடி. ராஜ்ஜியத்தத்தான் ரெண்டா கிழிச்சீங்க, போர்வையவாவது முழுசா வை."

ஆளுக்கொரு முனையாக மேலே உயர்த்திப் பிடித்து, கீழ் முனையைக் காலால் மிதித்துக்கொண்டோம். போர்வை பானை வயிறாக உப்பியது. அதன் மறைவில் சாதோக்கின் விளக்கு கடந்தது. அதிலிருந்து மெழுகுவர்த்திகளை ஏற்றிக்கொண்டு ஜனங்களும் ஒவ்வொருவராகக் கடந்தார்கள். பாஸ்டர் கடந்தார், மனாசே வீட்டுப் பெரியவர் மெதுவாகக் கடந்தார், வேடிக்கை பார்க்க வந்த நாகையாவும் கையில் ஒரு மெழுகுவர்த்தியோடு கடந்தார். எல்லோரும் கரை வளைவில் திரும்பி மறைந்தார்கள். நாங்கள் நின்ற இடத்திலிருந்து கோயில் தெரியாது. முதுகுக்குப் பின்னால் இருந்தது. பின்தங்கியவர்கள் இன்னும் வந்துகொண்டிருந்ததால் போர்வையை இறக்கவும் முடியாது. ஆசோராக நின்ற இத்தனை வருஷத்தில் குடில் விளக்கு ஏறுவதை அக்கா ஒருதரம்கூடப் பார்த்திருக்க மாட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்டேன். "இல்லதான்" என்றார், கண் ஏரிமேல் இருந்தது. "போய்ச் சேந்தா சரி."

இடுப்பில் செருகியிருந்த செல்போன் அடித்தது. ஒரு கையால் போர்வையைப் பிடித்தபடி மறு கையால் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். சுந்தர்சிங்தான். தடாவில் லாரியை ஓரம் கட்டியிருந்தார், அந்தப் பக்கமும் காற்று இரைந்தது.

"ஞானம், சேந்துச்சா?"

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரம் வளைவுக்கு அப்பாலிருந்து கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், போன் இருந்த கையைத் தலைக்கு மேலே தூக்கி, மணிச் சத்தம் வரும் பக்கமாக நீட்டினார். தாடி ஒரு காதிலிருந்து கழன்று காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. மணி ஓயும்வரை அவர் கையை இறக்கவே இல்லை.